கேதீஸ்வரன் வீட்டுத் தாச்சி

அன்று அந்த வகுப்பறையில் இருந்தவர்கள் இவர்கள்: இரண்டாம் வகுப்பு ஆசிரியை லக்சிகா, அவளுடைய அப்பா கேதீஸ்வரன், தங்கள் பண்டிகைப் பலகாரத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து சமைக்க வந்த யூதத் தாய் ஷீரா, அவளுடைய மகன் ஈத்தன், உதவிக்கு வந்த இன்னொரு தாய் ஹரிப்பிரியா, அவளுடைய மகள் அக்ஷரா, இவர்களோடு அந்த வகுப்பின் மற்றப் பிள்ளைகள், பெற்றோர் வீட்டில் மறித்துவைத்த மூன்று பேரைத் தவிர. வேறு ஒருவரும் இல்லை. பிறகு சிட்னியின் பிளாக்டவுனிலும் பரமட்டாவிலும் இதைக் கண்ணால் கண்டதுபோலச் சொல்லித் திரிந்தவர்களில் ஒருவர்கூட அந்த அறை வாசலை மிதிக்கவில்லை.

கேதீஸ்வரன் கொழும்புத் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவர். கப்பலில் வந்த பெரிய மனிதர்களின் பெட்டிகளையும் திறந்து கொட்டிப் பார்த்தவர். லஞ்சத்துக்குக் கை நீட்டினார் என்று அவருடைய எதிரிகூடச் சொன்னதில்லை. எழுபது வயது தாண்டியும் கதிரையில் சாய்ந்து இருக்க மாட்டார். கோயில் திருவிழாவுக்கு வடை சுடுகிற பொறுப்பு சிட்னிக்கு வந்த நாள் முதல் அவர் குடும்பத்துடையது. அந்த வடையின் பெயருக்குப் பாதிக் காரணம் தன் கை, மீதிப் பாதி தன் வீட்டுத் தாச்சி என்பது அவர் கட்சி.

அது அடி அகன்ற இரும்பு வாணலி. சவர்க்காரம் அதில் பட்டதே இல்லை. பொரித்து முடிந்ததும் கொதிநீரில் கழுவி, அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்கி, துணியால் எண்ணெய் பூசி வைக்க வேண்டும். அப்படிப் பூசிப் பூசி இரும்பின் மேல் கறுப்பாக, கண்ணாடிபோல ஒரு தோல் ஏறியிருந்தது. சாதாரண நாளில் தேங்காய் எண்ணெய். விசேஷம் என்றால் நல்லெண்ணெய்.

முதல் நாள் பின்னேரம் லக்சிகாதான் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, ஸ்கூல் ப்ரைபான் பழுதாப் போச்சு. ஷீரா கொண்டு வாற ஒண்டு மட்டும் காணாது. எங்கட தாச்சி இண்டக்‌ஷன் அடுப்பில வேலை செய்யுமோ?"

"இரும்பெண்டா செய்யும். ஆனா தாச்சி தனிய வராது. நானும் வருவன்."

குசினிக்குள்ளிருந்து அவர் மனைவி பவளம் சிரித்தாள். "தாச்சிக்கு விசா கிடைச்சிட்டுது. ஸ்பொன்சருக்கு இவர் போறார்."

லக்சிகா சிரிக்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் அவள் சிரித்ததாக அவருக்கு நினைவில்லை. அவளுடைய வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருந்தாள். இந்த டிசம்பரில் நிரந்தரமாகும் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பெற்றோரின் வாட்ஸப் குழுவில் நெருப்புப் பற்றியிருந்தது. உலகம் இப்படிக் கிடக்கிற நேரத்தில் யூதப் பண்டிகை எதற்கு என்று ஒருவர் கேட்டார். எங்கள் பிள்ளை வராது என்று மூவர் எழுதினார்கள். தீபாவளிக்கு முறுக்குச் சுட்டோம், ஈத் பெருநாளுக்குப் பேரீச்சம்பழப் பலகாரம் செய்தோம், இதுவும் அதுபோலத்தான் என்று லக்சிகா பள்ளிக்கூட அதிபரிடம் வாதாடி அனுமதி வாங்கியிருந்தாள். அதிபர் அனுமதித்தார். கூடவே, "ஏதாவது நடந்தால் அது உன் தலையில்தான் விழும்" என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அது என்ன பண்டிகை?" என்று கேதீஸ்வரன் கேட்டார்.

"ஹனுக்கா. அவையின்ர கோயில் விளக்குக்கு ஒரு நாளைக்குக் காணக்கூடிய எண்ணெய்தான் இருந்ததாம். அது எட்டு நாள் எரிஞ்சதாம். அந்த ஞாபகத்துக்கு எண்ணெயில பொரிச்ச சாமான் சாப்பிடுவினம்."

"எண்ணெய்க்குத் திருவிழா எடுக்கிற சனமோ? அப்ப நாங்களும் மரியாதையாத்தான் போகவேணும்."

மறுநாள் விடியும்போதே வெயில் கொதித்தது. மலைப்பக்கம் எங்கோ காடு எரிந்து, வானம் பழுத்த மஞ்சளாகக் கிடந்தது. கேதீஸ்வரன் குளித்து, திருநீறு பூசி, தாச்சியை எடுத்தார். இன்னொரு சனத்தின் விசேஷத்துக்குக் காய்ந்த தாச்சியோடு போவது அழகில்லை. விளக்குக்கென்று வைத்திருந்த நல்லெண்ணெய்ப் போத்தலைத் திறந்து துணியில் ஊற்றினார். உள்ளும் புறமும் தேய்த்தார். இரும்பு குடித்ததுபோக மிச்சம் மினுங்கியது. விரலை முகர்ந்து பார்த்துத் திருப்திப்பட்டார்.

வகுப்பறைக் கதவில் அக்ஷராவின் படம் ஒட்டியிருந்தது. முன்பல் இல்லாத சிரிப்பு. கீழே, இந்தப் பிள்ளைக்கு எள் ஆகாது, உயிருக்கு ஆபத்து என்று சிவப்பில் போட்டிருந்தது. கதவுக்குப் பக்கத்து ஆணியில், அவசரத்துக்குப் போடுகிற ஊசி ஒரு சிவப்புப் பையில் தொங்கியது. கேதீஸ்வரன் நின்று நிதானமாக வாசித்தார். வாசித்துவிட்டு நேரே ஷீராவின் மேசைக்குப் போனார்.

"உங்கள் சாமான்களை நான் ஒருமுறை பார்க்கலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேள்விதான், ஆனால் கை ஏற்கெனவே பைக்குள் இருந்தது.

உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை, கோதுமை மா, உப்பு, அப்பிள் கூழ், மூடி உடைக்காத சூரியகாந்தி எண்ணெய். ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, திருப்பி, சின்ன எழுத்தில் இருப்பதை மூக்குக்கண்ணாடியை உயர்த்தி வாசித்தார். ஈத்தன் தாயின் பாவாடையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றான்.

"எள் இல்லையே?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. லக்சிகா அனுப்பிய குறிப்பை மூன்று தடவை வாசித்தேன்" என்றாள் ஷீரா. அவளுடைய கழுத்துச் சிவந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்து அந்தப் பக்கம் குடிவந்தவள். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே யூதக் குடும்பம் அவர்களுடையது. தன்னை யாரும் சந்தேகமாகப் பார்ப்பது அந்தக் கிழமை அவளுக்குப் புதிதாக இருக்கவில்லை. பொருட்களை மறுபடி அடுக்கினாள்.

ஹரிப்பிரியா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். கோயிலில் அவரைத் தெரிந்த சென்னைக்காரி; கம்பனி வேலையில் அன்று விடுப்பு எடுத்திருந்தாள்.

"அங்கிள், எல்லாம் செக் பண்ணிட்டீங்களா?"

"ஓம் பிள்ளை. ஒரு துரும்பும் விடேல்லை."

"எண்ணெய்?"

"சன்பிளவர். சீல்கூட உடைக்கேல்லை, இஞ்ச பாருங்கோ."

அவள் மூச்சை விட்டாள். "உண்மையைச் சொல்லட்டுமா அங்கிள்? குரூப்ல வந்த மெசேஜ் எல்லாம் பாத்துட்டு, இவளை இன்னிக்கு லீவு போட வெச்சிடலாம்னுதான் நெனச்சேன். நீங்க வர்றீங்கன்னு மிஸ் சொன்னாங்க. அதனாலதான் கூட்டிட்டு வந்தேன்."

கேதீஸ்வரன் தலையை ஒருமுறை அசைத்தார். அந்தப் பேச்சு அவருக்கு இனித்தது.

பிள்ளைகள் மேசைகளைச் சுற்றி நின்று உருளைக்கிழங்கு சீவத் தொடங்கினார்கள். "அம்மா சீவும்போது கிழங்கோடு விரலும் கொஞ்சம் போகும். அதுதான் ருசி" என்றான் ஈத்தன். எல்லோரும் அருவருத்துக் கத்தினார்கள். சீவியதைத் துணியில் கட்டி, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து முறுக்க, மண்ணிறத் தண்ணீர் சட்டிக்குள் வடிந்தது. ஷீரா விளக்கின் கதையைச் சொன்னாள். கோயிலை எதிரி பாழாக்கியது, திரும்பி வந்தவர்கள் குப்பைக்குள் தேடி ஒரு சாடி எண்ணெய் கண்டது, அது அணையாமல் எரிந்தது. கேதீஸ்வரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். பாழான கோயில்கள் அவருக்கும் தெரியும். இந்தப் பெண்ணின் பையைக் கிளறியிருக்க வேண்டாமோ என்று ஒரு கணம் தோன்றியது. கடமை கடமைதான் என்று அந்த எண்ணத்தை மூடினார்.

லாட்கே என்று அந்தப் பலகாரத்துக்குப் பெயர். சீவிய கிழங்கில் முட்டையும் மாவும் வெங்காயமும் சேர்த்து, தட்டையாக எண்ணெயில் போட்டுச் சிவக்கப் பொரிப்பது. ஷீராவின் மின்சாரச் சட்டி ஒரு மூலையில், கேதீஸ்வரனின் தாச்சி இன்னொரு மூலையில். காட்டுப் புகை உள்ளே வராமலிருக்க ஜன்னல்களையெல்லாம் பூட்டியிருந்தார்கள். தாச்சி சூடேறியது. ஷீராவின் சூரியகாந்தி எண்ணெயை அவர் அதற்குள் ஊற்றினார். வெங்காயம் பொரிகிற வாசத்துக்கு அடியில் வேறொரு வாசம் மெல்ல எழுந்து அறையை நிறைத்தது.

ஹரிப்பிரியா மூக்கை உயர்த்தினாள். "அங்கிள், என்னவோ ஊர் வாசனை அடிக்குதே."

"தாச்சியின்ர குணம்" என்றார் கேதீஸ்வரன் பெருமையாக.

அவள் இன்னொரு முறை மூச்சை இழுத்தாள். மகள் பிறந்த மறு வருடத்திலிருந்து அவள் வீட்டுக்குள் அந்த எண்ணெய் நுழைந்ததில்லை. ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் ஒரு பையன் முட்டைக் கிண்ணத்தைத் தட்டிவிட, துடைக்க ஓடினாள்.

தாச்சியில் வெந்தவை மற்றச் சட்டியில் வெந்தவற்றைவிடக் கருஞ்சிவப்பாக, ஓரம் மொறுமொறுத்து வந்தன. பிள்ளைகள் அந்தப் பக்கமே வரிசைகட்டினார்கள். அக்ஷராவின் முறை வந்தது.

"கறுப்புச் சட்டியில் செய்தது வேண்டும்" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அப்பிடிக் கேள்" என்றார் கேதீஸ்வரன். குவியலைக் கிளறி, இருப்பதில் நன்றாகச் சிவந்த ஒன்றைத் தேர்ந்து, தன் கையாலேயே அவள் தட்டில் வைத்தார்.

அவள் பாதி தின்றாள். பிறகு கழுத்தைச் சொறிந்தாள். பிறகு, நாக்கு அரிக்கிறது என்றாள். அதை யாரிடமும் முறையிடவில்லை. பக்கத்துப் பிள்ளையிடம் கதைபோலச் சொன்னாள். லக்சிகா திரும்பிப் பார்த்தபோது பிள்ளையின் உதடுகள் வீங்கத் தொடங்கியிருந்தன.

லக்சிகா கத்தவில்லை. பிள்ளையைத் தரையில் கிடத்தினாள். சிவப்புப் பையை ஆணியோடு பிடுங்கினாள். ஊசியைத் தொடையில் அழுத்தி, உதடு அசைய எண்ணினாள். "ஷீரா, பிள்ளைகளை வெளியில். அப்பா, அம்புலன்ஸ்" என்றாள். அவ்வளவுதான். ஷீரா மற்றப் பிள்ளைகளை விறாந்தைக்கு ஓட்டிப்போய் வரிசையில் இருத்தினாள். கேதீஸ்வரன் தொலைபேசியில் முகவரி சொன்னார். அக்ஷராவின் மூச்சு, அடைத்த குழாயில் காற்றுப் போவதுபோல விசிலடித்தது.

ஹரிப்பிரியா மகளின் தலைமாட்டில் மண்டியிட்டிருந்தாள். கதவுக்கு அப்பால் நின்ற ஷீராவை அப்போதுதான் கண்டாள்.

"என்ன போட்டே அதுல?" என்று தமிழிலேயே கத்தினாள். பிறகு ஆங்கிலத்தில்: "தஹினி! நீங்க எல்லாத்துலயும் அந்த எள்ளு விழுதைத்தானே போடுவீங்க! என்ன போட்டே என் பிள்ளைக்கு?"

"ஒன்றும் போடவில்லை. சத்தியமாக ஒன்றும் போடவில்லை" என்றாள் ஷீரா. விறாந்தையில் இருந்த அத்தனை பிள்ளைகளும் அதைக் கேட்டார்கள். வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள்.

அம்புலன்ஸ் போன பிறகு கேதீஸ்வரன் தாச்சியைக் கழுவப் போனார். கழுவுவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. கைக்கு வேலை வேண்டியிருந்தது. கொதிநீரை ஊற்றினார். ஆவி முகத்தில் அடித்தது. ஆவியோடு அந்த மணமும் வந்தது.

அவர் குழாயை மூடினார். வலது கை விரல்களை முகர்ந்தார். காலையில் துணி பிடித்த விரல்கள். நல்லெண்ணெய் எள்ளில் ஆட்டுவது என்பது எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் தாச்சியில் பூசுவதை அவர் என்றைக்கும் எண்ணெய் என்று நினைத்ததில்லை. அது தாச்சியின் தோல். அன்று அந்த அறைக்குள் வந்த சாமான்களில் அவர் சோதிக்காதது அது ஒன்றுதான்.

பின்னேரம் செய்தி வந்தது: அக்ஷராவுக்கு உயிராபத்து இல்லை, ஓர் இரவு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பார்கள். அதற்குள் மற்றச் செய்தி ஊரெல்லாம் போயிருந்தது. முதலில், யூதப் பெண் கவனமில்லாமல் எள் போட்டுவிட்டாள் என்று. பிறகு, தெரிந்தே போட்டாள் என்று. இருட்டுவதற்குள், பிள்ளைகளுக்கு நஞ்சு வைத்தாள் என்று. ஷீராவின் வீடு எந்தத் தெருவில் என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்னொருவர் சொல்லியிருந்தார்.

அக்ஷராவின் அப்பா பிரதீப்குமார் கேதீஸ்வரனைப் போனில் கூப்பிட்டார்.

"அங்கிள், அங்க இருந்த பெரிய மனுஷன் நீங்க ஒருத்தர்தான். அவ பையை நீங்கதான் சோதிச்சீங்களாம். அதுல என்ன பாத்தீங்களோ அதை நாளைக்கு பிரின்சிபால்கிட்ட சொல்லுங்க, போதும். உங்க வார்த்தைக்கு மேல இந்த ஊர்ல வார்த்தை இல்ல."

"நாளைக்கு வாறன் தம்பி. சொல்லுறன்" என்றார் கேதீஸ்வரன்.

போனை வைத்துவிட்டு, மனைவியையும் மகளையும் அழைத்து, கதிரையில் நிமிர்ந்து இருந்தபடி விஷயத்தைச் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். பவளம் வாயில் கையை வைத்தாள். லக்சிகா தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"பிள்ளைகள் சாப்பிடுற சாமானோட வாற சட்டி, கரண்டி எல்லாம் நான் பாக்கவேணும்" என்றாள். "அது ரூல். தாச்சியை நான் பாக்கேல்லை. அப்பான்ர தாச்சிதானே எண்டு விட்டிட்டன்."

"பிழை என்ர."

"அப்பிடி அவை எடுக்க மாட்டினம், அப்பா. நீங்கள் சொன்னா என்ர வேலை போம்."

பவளம் இடையில் விழுந்தாள். "பிள்ளைக்குச் சுகம் வந்திட்டுது. அந்த மனிசியும் வேற பள்ளிக்கூடம் பாத்துப் போயிடும். உங்கள ஆரும் பொய் சொல்லச் சொல்லேல்லை. பைக்குள்ள ஒண்டையும் காணேல்லை எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வாங்கோவன்."

"சொன்னா, ஒளிச்சுக் கொண்டுவந்தவள் எண்டுதான் கதை போகும். ஒரு கதை எத்தினை வீட்டை எரிக்கும் எண்டு உமக்குத் தெரியாதே? கொழும்பில கலவரத்துக்குள்ள எங்கட வீடு எரியேக்க பக்கத்து வீட்டுக்காரன் ஜன்னலைச் சாத்தினவன். அவனுக்கும் ஒரு மகள் இருந்தவள். அவளுக்கும் ஒரு வேலை இருந்திருக்கும்."

"அப்ப என்ர வீட்டைக் கொளுத்தப் போறியள்" என்றாள் லக்சிகா.

அவள் எழுந்து தன் வீட்டுக்குப் போய்விட்டாள். போட்டு வாறன் என்று சொல்லவில்லை.

காலையில் வெயில் தணியவில்லை. பள்ளிக்கூட வாகனத் தரிப்பிடத்தில் ஷீராவின் கார் நின்றது. முன்கண்ணாடியில் யாரோ முட்டைகளை அடித்திருந்தார்கள். வெயிலில் அது காய்ந்து தோலாகப் படிந்திருந்தது. அவள் கழுவாமலே ஓட்டி வந்திருந்தாள். கேதீஸ்வரன் அதைக் கடந்து உள்ளே போனார்.

அதிபரின் அறையில் ஷீரா ஒரு பக்கம் இருந்தாள். ஹரிப்பிரியாவும் பிரதீப்குமாரும் மறுபக்கம். லக்சிகா ஜன்னலோரம் நின்றாள். அதிபர் கதிரை காட்டினார். கேதீஸ்வரன் இருக்கவில்லை.

"இந்தப் பெண்ணின் பையில் எள் இருக்கவில்லை. நான் பார்த்தேன்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். "எள் என் தாச்சியில் இருந்தது. காலையில் நான் நல்லெண்ணெய் பூசினேன். அந்தத் தாச்சியில் பொரித்ததை நானே பிள்ளையின் தட்டில் வைத்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை."



"அங்கிள்" என்றார் பிரதீப்குமார் மெதுவாக. "நீங்க யாரைக் காப்பாத்தறீங்க?"

"ஒருத்தரையும் இல்லை, தம்பி."

ஹரிப்பிரியா கண்களை மூடிக்கொண்டாள். "ஊர் வாசனை" என்றாள். பிறகு அவரைப் பார்த்தாள். "உங்களை நம்பித்தானே அங்கிள் கூட்டிட்டு வந்தேன்."

அவர் முதுகு அப்போதும் வளையவில்லை. ஆனால் பார்வையை அவளிடமிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

ஷீரா அவருக்கு நன்றி சொல்லவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். "உங்களுக்கு எப்போது தெரியும்?"

"நேற்று மத்தியானம்."

"என் மகன் இரவு முழுக்கக் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தான்" என்றாள் ஷீரா. கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அதிபர் லக்சிகாவின் பக்கம் திரும்பி, அவளோடு தனியே பேச வேண்டும் என்றார். மற்றவர்கள் எழுந்தார்கள். கேதீஸ்வரன் மகளைக் கடந்து போகும்போது ஒரு கணம் நின்றார். அவள் ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாட்ஸப் குழுவில் அவரே ஆங்கிலத்திலும் தமிழிலும் நடந்ததை எழுதிப் போட்டார். சிலர் அவரைப் பாராட்டி எழுதினார்கள். அவர் அதை வாசிக்கவில்லை. கோயிலில் வடை சுடுகிற பொறுப்பு வேறு குடும்பத்துக்குப் போனது. ஒருவரும் பறிக்கவில்லை, அவரே கொடுத்தார். லக்சிகாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. தை பிறந்ததும் அவளும் கணவன் இளங்கீரனும் மெல்பேணுக்குப் போய், பொயிண்ட் குக்கில் வீடு எடுத்தார்கள். தாயோடு பேசுவாள். அப்பா பக்கத்தில் நிற்கிறார் என்றால் பிறகு எடுக்கிறேன் என்பாள்.

ஷீரா கொடுத்த முறைப்பாட்டால்தான் லக்சிகாவின் வேலை போனது என்று பிளாக்டவுன் கடைகளில் இப்போது ஒரு கதை ஓடுகிறது. அது பொய். ஷீரா எந்த முறைப்பாடும் கொடுக்கவில்லை. அந்த வேலை போனது கேதீஸ்வரன் சொன்ன வார்த்தையால்.